‘ஒண்ணுமே இல்லைங்க மேடம்’: ஓபேக்கில் தேடும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் பதினாறு வருடமாக கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஓபேக் என்கிற கணினி கேட்லாக்கில் தேடிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் இரண்டு தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். கவுன்ட்டருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

0 முடிவுகள்: ஒன்றுமே வரவில்லை

போன ஜூலையில், ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வரும் எம்.ஏ. மாணவி ஒருத்தி வந்தாள். "நம்ம லைப்ரரியில ஏற்காட்டைப் பத்தி ஒண்ணுமே இல்லைங்க மேடம்."

"என்ன அடிச்சே கண்ணு?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். தலைப்புக் கட்டத்தில் ‘ஏற்காடு காபித் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை வரலாறு’ என்று முழு நீளத்துக்கு இருந்தது. அது அவளுடைய புராஜெக்ட் தலைப்பு. அவள் எழுதப்போகிற புத்தகத்தை நாங்கள் எப்படி முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க முடியும்?

கூகுள் நாம் அரைகுறையாக அடித்தாலும் ஊகித்துக்கொள்ளும். கேட்லாக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அடித்த சொற்கள் எல்லாம் ஒரே பதிவில் இருந்தால்தான் காட்டும். ஆறில் ஒன்று இல்லாவிட்டாலும் பூஜ்யம்தான். இன்னொன்று, புத்தகத்தின் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருடம், பொருள் குறிக்கும் நாலைந்து சொற்கள், இவ்வளவுதான் அதன் உலகம்.

அதனால் முதல் வேலை சொற்களைக் குறைப்பது. ‘தலைப்பு’ என்றிருக்கும் பெட்டியை ‘கீவேர்டு’ என்று மாற்றுங்கள். இரண்டு சொல் போதும். வரலாறு, வாழ்க்கை, ஆய்வு, ஓர் பார்வை இதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

அப்படியும் வராவிட்டால் மேலே ஏறுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. தேடலிலும் அப்படி ஒவ்வொரு வளைவாகத்தான் ஏற வேண்டும்: ஏற்காட்டில் இல்லையா, சேர்வராயன் மலை, அதிலும் இல்லையா, சேலம் மாவட்டம், பிறகு தமிழ்நாடு, தென்னிந்தியா. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஜட்டியரில், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பில், ஏற்காடும் உண்டு, காபியும் உண்டு. ஆனால் கேட்லாக் பதிவில் ‘சேலம்’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். ‘ஏற்காடு’ என்று தேடினால் அது கண்ணில் படவே படாது. லெ ஃபானுவின் 1883 மாவட்ட மேனுவலும் அதே கதை.

இங்கே நம் மாவட்டக்காரர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. பழைய புத்தகங்களுக்குப் பழைய எல்லைதான் தெரியும். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் 1997-இல்தான் பிரிந்தது. ஆகவே கொல்லிமலையைப் பற்றிப் பழைய புத்தகம் வேண்டுமென்றால் ‘நாமக்கல்’ என்று தேடிப் பயனில்லை. ‘சேலம்’ என்று தேடுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இரட்டை வேலை: 2004-க்கு முன் தருமபுரி, 1965-க்கு முன் சேலம். மாநிலத்தின் பெயரும் 1969-இல்தான் தமிழ்நாடு ஆனது. அதற்கு முந்தையவை ‘மெட்ராஸ்’ என்ற பெயரில்தான் கிடக்கும்.

ஆங்கிலத்தில் தேடினால் எழுத்துக்கூட்டலும் காலை வாரும். நம் மலைக்கே மூன்று ஸ்பெல்லிங் புழங்குகிறது: ஷெவராய், ‘ஆர்’ சேர்த்து ஷெர்வராய், கடைசியில் ‘எஸ்’ ஒட்டி ஷெவராய்ஸ். போதாததற்குச் சேர்வராயன் என்று தமிழ் ஒலியிலேயே எழுதியவர்களும் உண்டு. மூன்றையும் அடித்துப் பாருங்கள். பல ஓபேக்குகளில் சொல்லின் முதல் பாதியை அடித்து நட்சத்திரக் குறி போட்டால், அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் கொண்டுவரும். ‘ஷெ’ வரைக்கும் போட்டு நட்சத்திரம் வைத்தால் ஷெல்லியில் ஆரம்பித்து ஊரே வரும். ‘ஷெவ’ வரை ஒரு தடவை, ‘ஷெர்வ’ வரை ஒரு தடவை என்று போடுங்கள்.

தமிழ்ப் புத்தகம் இருப்பது நிச்சயம், கேட்லாக்கில் மட்டும் வரவில்லை

போன செமஸ்டரில் நீங்களே எடுத்துப் போன புத்தகம். இப்போது தேடினால் இல்லை. இதற்குக் காரணம் பல, வரிசையாகப் பாருங்கள்.

தமிழில் சொல் உருமாறும். ‘வரலாறு’ என்று அடித்தால் ‘வரலாற்றுச் சுவடுகள்’ என்று வரும் தலைப்பைக் கணினி வேறு சொல்லாகவே பார்க்கும். ‘வரலா’ என்று நிறுத்தி நட்சத்திரம் போடுங்கள். வரலாறு, வரலாற்று, வரலாற்றில் எல்லாம் வரும். அதே மாதிரி ‘மாவட்ட’ வரை, ‘ஏற்கா’ வரை.

அப்புறம் ஒற்று. ‘தமிழ்ச் சிறுகதை’ என்பதில் முதல் சொல் கணினிக்குத் ‘தமிழ்’ அல்ல, ‘தமிழ்ச்’. சேர்த்து ‘தமிழ்ச்சிறுகதை’ என்று பதிவு செய்திருந்தால் ‘சிறுகதை’ என்று தேடினாலும் வராது. ஏனென்றால் நட்சத்திரம் சொல்லின் வாலைத்தான் விட்டுக்கொடுக்கும், தலையை அல்ல. பள்ளியில் ஒற்றுப் பிழைக்கு அரை மார்க் குறைத்த தமிழாசிரியரை நொந்துகொண்டவர்கள், இங்கே அதே பிழைக்குப் புத்தகத்தையே இழக்கிறார்கள். என்ன செய்வது? ஒற்று வரக்கூடிய சொல்லை விட்டுவிட்டு, தலைப்பில் வேறு எந்தச் சொல் அசையாமல் நிற்கிறதோ அதைப் போடுங்கள். ஆசிரியர் பெயரோடு சேர்த்துத் தேடுவது இன்னும் நல்லது.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத கோளாறு. ‘ஔவையார்’ என்று எழுதும்போது ‘ஔ’ ஒரே எழுத்து. பதிவு செய்தவர் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்திருந்தால் திரையில் அச்சு அசலாக அதே மாதிரிதான் தெரியும். கணினிக்கு அது வேறு சொல். துணைக்காலுக்குப் பதிலாக ‘ர’ அடிப்பதும் இதே ரகம். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு விதமான குறியீடு உண்டு. ஒரு தடவை ஔவையார் பாடல்கள் பற்றிய ஒரு நூலை நானே அரை மணி நேரம் தேடினேன். கடைசியில் ‘ஒ-ள-வையார்’ என்று மனசுக்குள் படித்துக்கொண்டே இரண்டு எழுத்தாக அடித்துப் பார்த்ததும் நான்கு பிரதி வந்தது. அந்தப் பதிவைப் போட்டது நான்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இன்னும் பழைய பதிவுகள், இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு முன்பு இருந்த எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் கலந்த கூட்டாஞ்சோறு தெரிந்தால் அதுதான் விஷயம். அதை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள், திருத்துகிறோம்.

பல நூலகங்களில் தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பையே ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். அதிலும் இரண்டு கட்சி. எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் வாயில் வந்தபடி எழுதுவோம். ‘இலக்கிய’ என்பதை ‘ஐ’யில் ஆரம்பிப்பவரும் உண்டு, ‘இ’யில் ஆரம்பிப்பவரும் உண்டு. வெளிநாட்டு நூலகங்களும் பெரிய ஆய்வு நூலகங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றும். அந்த முறையில் ஒலி எப்படி மாறினாலும் எழுத்துக்கு எழுத்துதான். ‘ச’ வந்தால் ‘எஸ்’ அல்ல, ‘சி’. ‘க’ எங்கே வந்தாலும் ‘கே’. சேலம் ‘சி’யில் தொடங்கும், முருகனில் ‘ஜி’ வராது. இது தெரியாமல், வேர்ல்ட்கேட் என்கிற உலக நூலகங்களின் கூட்டுக் கேட்லாக்கில் ‘எஸ்’ போட்டுச் சிலப்பதிகாரத்தைத் தேடினால், பாதிப் பதிப்புகள் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆசிரியர் பெயருக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். இனிஷியலைத் தூக்கிவிட்டுப் பெயரை மட்டும் அடியுங்கள். உ.வே.சா.வை ‘சாமிநாதையர்’ என்றும் ‘சாமிநாத ஐயர்’ என்றும் இரண்டு விதமாகப் பதிந்திருப்பார்கள், ‘உ.வே.சா’ என்று அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. புனைபெயர்களும் இப்படித்தான். புதுமைப்பித்தனைச் சில இடங்களில் ‘விருத்தாசலம்’ என்று அவருடைய இயற்பெயரில் வைத்திருப்பார்கள்.

ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, எதுவும் நமக்கானது இல்லை

ஆங்கிலத்தில் ‘சேலம்’, ‘வரலாறு’ என்று இரண்டு சொல் போட்டுவிட்டு, "என்னங்க மேடம், எல்லாம் சூனியக்காரிக் கதையா வருது?" என்று கேட்ட பையன் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது. 1692-இல் அங்கே சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி நடந்த விசாரணைகளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். இங்கே மேலே சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்லைக் கூட்ட வேண்டும்: ‘சேலம்’ கூட ‘இந்தியா’. பொருள் தலைப்புகளில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் நாட்டின் பெயரும் இருக்கும் என்பதால் இது நன்றாக வடிகட்டும்.

மலையாளிப் பழங்குடியினரைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைகளில் வாழும் இந்த மக்களின் பெயரும், கேரளத்துக்காரர்களைச் சொல்லும் பெயரும் ஒன்று. வெறுமனே தேடினால் கேரள இலக்கியத்தில் போய் நிற்பீர்கள். மலையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ‘பழங்குடி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை. ‘மலையாளி’யை ஆங்கிலத்தில் ‘மலை’ நன்றாகத் தெரியும்படி ‘ஏ’யும் ‘ஐ’யும் சேர்த்து எழுதியவர்களும் உண்டு, அதையும் பாருங்கள்.

ஒரு நல்ல புத்தகம் மட்டும் கையில் கிடைத்துவிட்டால் பிறகு எளிது. அந்தப் பதிவைத் திறந்து, கீழே ‘பொருள்’ என்று இருக்கும் சொற்களின் மேல் கிளிக் செய்யுங்கள். அதே பொருளில் நூலகத்தில் இருக்கும் மற்றவை எல்லாம் வரிசையாக வரும். நான் பெரும்பாலும் இந்தக் குறுக்கு வழியில்தான் போகிறேன்.

ஆசிரியர் கொடுத்த கட்டுரையின் பெயரை அடித்தேன், இல்லை என்கிறது

இருக்காது. நூலக கேட்லாக்கில் பத்திரிகையின் பெயர்தான் இருக்கும், அதற்குள் வந்த கட்டுரையின் பெயர் இருக்காது. ஆசிரியர் கொடுத்த குறிப்பை நன்றாகப் பாருங்கள். இரண்டு பெயர் இருக்கும்: முதலில் கட்டுரை, பிறகு சாய்வெழுத்தில் பத்திரிகை. பின்னால் தொகுதி எண், இதழ் எண், வருடம், பக்கம். தேட வேண்டியது சாய்வெழுத்தில் இருப்பதை.

நம் மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. நிலவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஹாலண்ட் அந்தப் பாறைகளைப் பற்றி 1900-இல் எழுதியதைப் படிக்கச் சொல்லி வருடா வருடம் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் புத்தகமாகத் தேடுகிறார்கள். அது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ‘மெமாயர்ஸ்’ வரிசையில் 28-ஆம் தொகுதியில் ஒரு பகுதி. வரிசையின் பெயரில் தேடி, பிறகு தொகுதி எண்ணைப் பார்க்க வேண்டும். சில நூலகங்களில் அந்தப் பகுதியைத் தனிப் புத்தகம் போலவும் பதிந்திருப்பார்கள். அதனால் இரண்டு வழியிலும் பாருங்கள்.

கட்டுரையின் பெயரைக் கொண்டே தேட வேண்டுமென்றால் கூகுள் ஸ்காலருக்குப் போங்கள். அங்கே பத்திரிகையின் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு கேட்லாக்குக்குத் திரும்பி வரலாம்.

பத்திரிகை இருக்கிறது, ஆனால் வேண்டிய வருடம் இல்லை

பத்திரிகைப் பதிவில் ‘இருப்பு’ என்று ஒரு வரி இருக்கும். ‘தொ. 12 (1985) – தொ. 30 (2003), தொ. 21 இல்லை’ என்கிற மாதிரி. அதை யாரும் படிப்பதில்லை, நேராக ரேக்குக்குப் போய் நிற்கிறார்கள். 2003-க்குப் பிறகு சந்தாவை நிறுத்தியிருப்பார்கள் அல்லது ஆன்லைனுக்கு மாற்றியிருப்பார்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். கடைசிக் கோடுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் வெற்றாக இருந்தால் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பெயர் மாறிய பத்திரிகைகளும் உண்டு. எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி 1966-இல் வந்தது. அதற்கு முன் 1949 முதல் அது ‘எகனாமிக் வீக்லி’. 1958-இல் வந்த கட்டுரையை இன்றைய பெயரில் தேடினால் எங்கள் இருப்பு 1966-இல் தொடங்குவதாகக் காட்டும். பதிவில் ‘முந்தைய பெயர்’ என்று இருந்தால் அதைக் கிளிக் செய்யுங்கள்.

நடப்பு வருட இதழ்கள் படிக்கும் கூடத்தில், பழையவை பைண்டு செய்து பேக் வால்யூம் பகுதியில். இரண்டுக்கும் நடுவில் பைண்டிங்குக்குப் போன இதழ்கள் என்று ஒரு திரிசங்கு சொர்க்கம் இருக்கிறது. அவை எப்போது திரும்பும் என்று எங்களுக்கே உறுதியாகத் தெரியாது.

கல்லூரியில் திறந்தது, வீட்டில் காசு கேட்கிறது

பதிப்பகத்தின் தளம் கல்லூரி இணையத்தின் முகவரியை வைத்துத்தான் உங்களை உள்ளே விடுகிறது. மலை ஏறி வீட்டுக்குப் போய் போன் டேட்டாவில் திறந்தால், அதற்கு நீங்கள் யாரோ ஒருவர். ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் என்று காட்டும். தயவுசெய்து கட்டிவிடாதீர்கள்.

அந்தப் பக்கத்திலேயே ‘நிறுவனம் வழியாக உள்நுழைக’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, நூலகம் கொடுத்த பயனர் பெயரைப் போட வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின், வெளியிலிருந்து உள்நுழைய உதவும் இன்ஃபெட் வசதியில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளில் இதுதான் வழி. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். ஏற்காட்டுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வருகிற வீடாக இருந்தால் கல்லூரியிலேயே பிடிஎஃப் இறக்கிக்கொண்டு போவது நிம்மதி.

‘உள்ளது’ என்கிறது, ரேக்கில் காணோம்

முதலில் எண்ணைச் சரியாகப் படித்தீர்களா என்று பாருங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் ட்யூவி முறையில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம். காபி சாகுபடி 633.73. ஒரு புத்தகத்தில் 633.738 என்று இருந்தால், அது 633.8-க்கு முன்னால்தான் வரும். எழுநூற்று முப்பத்தெட்டு எட்டைவிடப் பெரிது என்று நினைத்துக்கொண்டு அடுத்த ரேக்கில் தேடினால் சாயங்காலம் வரை தேட வேண்டியதுதான்.

காபிப் புத்தகம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். சாகுபடி 633-இல், வியாபாரமும் தோட்டப் பொருளாதாரமும் 338-இல், குடிப்பது 641-இல். அந்த எம்.ஏ. மாணவிக்கு வேண்டியது தொழிலாளர் பற்றியது என்பதால் 331 வரை நடந்தாள்.

எண்ணுக்குப் பதிலாக முதுகில் ஆங்கில எழுத்தும் நடுவில் கோலன் புள்ளியும் இருந்தால் அது நம் நாட்டு நூலகவியலாளர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை, 1933-இல் வந்தது. அது வேறு வரிசை. அதில் ‘எச்’ என்றால் நிலவியல், ‘ஜே’ என்றால் வேளாண்மை. இந்த இரண்டு முறையும் ஒரே கட்டடத்தில் இருக்கும் நூலகங்களும் உண்டு, கேட்காமல் நுழையாதீர்கள்.

எண் சரிதான் என்றால், இடம் என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘ரெஃபரன்ஸ்’ என்றால் அது வேறு ஹால், வீட்டுக்குக் கிடைக்காது. துறை நூலகத்தில் இருக்கலாம். அப்புறம், ரிட்டர்ன் ஆகி இன்னும் அடுக்காமல் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் டிராலியில் இருக்கலாம். காலை பதினோரு மணிக்கு முன்னால் பாதிப் புத்தகங்கள் அங்கேதான் இருக்கும். அடுத்து, அந்த இடத்திலிருந்து இடப்பக்கம் இரண்டு தட்டு, வலப்பக்கம் இரண்டு தட்டு, புத்தகங்களுக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா என்று கையை விட்டும் பாருங்கள். பரீட்சை நேரத்தில் வேண்டுமென்றே வேறு பாடத்தின் ரேக்கில் ஒளித்து வைக்கிற மகராசன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த இடம் கணிதம். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை போல.

ஐஎஸ்பிஎன் போட்டும் வரவில்லை

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் தனி எண். அதை நடுவில் உள்ள கோடுகளை எடுத்துவிட்டு அடியுங்கள். 2007-க்கு முந்தைய பதிப்பு என்றால் பத்து இலக்கம்தான் பதிவில் இருக்கும். முன்னால் உள்ள 978-ஐ வெட்டிவிட்டால் மட்டும் போதாது, கடைசி இலக்கமும் மாறும். அந்தக் கணக்குக்குப் பதில் தலைப்பைப் போட்டுத் தேடுவது சுலபம்.

எங்கள் நூலகத்தில் நிஜமாகவே இல்லை

ஆய்வேடு என்றால் ஷோத்கங்காவில் பாருங்கள். பெரியார் பல்கலைக்கழகம் உட்பட பல பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இலவசமாக இருக்கின்றன. கேட்லாக்கில் தேடி அலைவதைவிட அது பத்து மடங்கு வேகம். பழைய தமிழ் நூல்கள் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். எந்தப் பல்கலைக்கழகத்தில் பிரதி இருக்கிறது என்று பார்க்க இன்ட்கேட் என்கிற கூட்டுக் கேட்லாக் இருக்கிறது. 1950-களின் நடுவிலிருந்து வெளியான தமிழ்ப் புத்தகம் என்றால் சென்னை கன்னிமாராவைப் பாருங்கள். இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று.

வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. அதைக் கேட்டு வரும்போது "பச்சை அட்டை போட்ட புத்தகம்" என்று வராதீர்கள். நீங்கள் அடித்த சொல், வந்த முடிவு இரண்டும் தெரியும்படி திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். கோளாறு எந்த எழுத்தில் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஔவையாராக இருந்தால் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.